நாகவல்லி பேசிய மொழி

மொழிமாற்றி எடுக்கப்பட்ட படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நம்மவர் கூறும் கருத்து பெரும்பாலும் ஒரே தொடரில் அடங்கிவிடும். "மூலத்தைப் போல் வரவில்லை" என்பதே அது. சங்கக் கூடத்திலும், ஞாயிற்றுக்கிழமை விருந்திலும், ஊருக்குச் செல்லும் இரயில் வண்டியிலும் இத்தொடரைக் கேட்டு வருகிறேன். "எது மூலத்தைப் போல் வரவில்லை?" என்று திருப்பிக் கேட்டால் ஒருவர் நடிப்பு என்பார், மற்றொருவர் பாட்டு என்பார், வீட்டிலுள்ள பெரியவர், இந்தக் காலத்துப் படம் எதுவுமே வரவில்லை என்று கூறி முடித்துவிடுவார். கருத்து தவறன்று. ஆனால் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. மூலத்தில் உயிர் எந்த இடத்தில் இருந்தது என்று காணாமல், அது வந்ததா வரவில்லையா என்று எவ்வாறு உரைப்பது?

இலக்கியக் கட்டுரைகளுக்கிடையே திரைப்படத்தைப் பற்றிப் பேசலாமா என்று தயங்குவோர்க்கு ஒன்று நினைவூட்டலாம். ஒருவர் செய்ததை மற்றொருவர் மீண்டும் செய்வது பற்றி நம் இலக்கண நூலார் நெடுங்காலத்துக்கு முன்பே சிந்தித்துள்ளனர். தொல்காப்பியம் நூல்களை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூல் வகைகளுள் மொழிபெயர்ப்பையும் வைத்தது. நன்னூலார் சார்பு நூல் என மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார். முடிவில் முதனூலோடு ஒத்திருந்து, பின்வந்தவன் வேண்டும் வேறுபாடுகளையும் ஏற்று, மரபு அழியாமல் நிற்பது வழிநூல். இரண்டோடும் சிறிதளவே ஒத்து, மற்றவற்றில் திரிந்து செல்வது சார்பு நூல். மறுபடி எடுக்கப்படும் படத்தை வழிப்படம் என்றும், 'இரண்டாம் பாகம்', 'மூன்றாம் பாகம்' என்று தொடர்ந்து வருவனவற்றைச் சார்புப் படம் என்றும் அழைத்தால் பவணந்தியார் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. முதற்படத்தை ஒரு மொழியிலும் வழிப்படத்தை வேறொரு மொழியிலும், உரை எழுத்துகளின் துணையின்றிப் பார்க்கக் கூடியவர்கள் நாம். ஸ்ரீதர் 1962-இல் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தை அவரே அடுத்த ஆண்டு 'தில் ஏக் மந்திர்' ஆக்கினார். பாலு மகேந்திரா 1982-இல் எடுத்த 'மூன்றாம் பிறை'யை, முதன்மை நடிகர் இருவரையும் மாற்றாமல், 1983-இல் 'சத்மா' ஆக்கினார். இவற்றைப் பற்றிய வழக்கு எளிது. நோயும் தியாகமும் பிரிவும் எந்த மொழியிலும் நோயும் தியாகமும் பிரிவுமேயாம். கதையின் உயிர் மொழியிலேயே இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. பாலசந்தர் இதை நன்கு அறிந்தவர். தமிழ் இளைஞனும் தெலுங்குப் பெண்ணும் காதலிக்கும் 'மரோ சரித்ரா'வை (1978) அவர் தமிழில் திரும்ப எடுக்கவில்லை. அந்தத் தெலுங்குப் படமே சென்னையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. இந்தியில் 'ஏக் தூஜே கே லியே' (1981) எடுத்தபோது இளைஞனைத் தமிழனாகவே வைத்துக்கொண்டு பெண்ணின் மொழியை மட்டும் மாற்றினார். ஒருவர் பேச்சு மற்றவர்க்குப் புரியாமையே அக்கதை என்பதால், அந்தப் புரியாமையைப் பத்திரமாக எடுத்துச் சென்றார்.

இவ்வகையில் நான் நெடுநாள் எண்ணிப் பார்த்த படம் ஒன்று உண்டு. 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மலையாளப் படமாகிய 'மணிச்சித்திரத்தாழ்'. மது முட்டம் எழுதியது, பாசில் இயக்கியது. கங்கையாக நடித்த ஷோபனாவுக்கு அவ்வாண்டின் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. நம் வாசகருள் பலர் இதனைச் 'சந்திரமுகி' (2005) என்ற பெயரிலும், இன்னும் பலர் தம் பிள்ளைகளோடு 'பூல் புலையா' (2007) என்ற பெயரிலும் அறிவர். இவற்றுக்கு முன்னரே கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) வந்துவிட்டது. 

கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு பழைய மாளிகை, பூட்டிய அறை, அதில் அடைபட்டிருப்பதாக நம்பப்படும் ஒரு நடனமாதின் ஆவி. மாளிகைக்கு வரும் இளம் மனைவி அறையைத் திறக்கிறாள். நடப்பவையெல்லாம் ஆவியின் செயல் என்று வீட்டார் நடுங்க, மனநோய் மருத்துவர் ஒருவர், நோயுற்றவள் அம்மனைவியே என்று கண்டறிகிறார்.

மலையாளப் படத்தில் அந்நடனமாது நாகவல்லி. அவள் தஞ்சாவூர்க்காரி. வீட்டுக் காரணவரான சங்கரன் தம்பியால் கொண்டுவரப்பட்டவள். தன் காதலனாகிய நடனக்கலைஞனை நினைத்தே வாழ்ந்தவள். ஒரு துர்க்காஷ்டமி இரவில் கொலையுண்டவள். அவள் பேசுவது தமிழ். படம் முழுவதும் இனிய, சற்றே வெட்கம் கலந்த மலையாளம் பேசும் கங்கை, நோய் முற்றிய கணத்தில் தமிழுக்கு மாறுகிறாள். வெளியே செல்லப் புறப்பட்டவளைக் கணவன் நகுலன் தடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் கெஞ்சல், பிறகு ஏன் விடமாட்டாய் என்ற வியப்பு, வியப்பு சினமாகும் இடத்தில் சொற்கள் ஒவ்வொன்றாகத் தமிழாகின்றன. கட்டிலை ஒரு கையால் தூக்கி எறிவது அதற்குப் பிறகுதான். கட்டிலைத் தூக்குவதற்குச் சூழ்ச்சிப் பொறி போதும். மொழி மாறும் அந்த நொடிக்கு எந்தப் பொறியும் உதவாது. பார்ப்பவன் அச்சத்தால் உறைவது இங்கேதான்.

ஏன் தமிழ்? மலையாளிக்குத் தமிழ் அயல்மொழியும் அன்று, தன்மொழியும் அன்று. பாதி புரியும், மீதி புரிவது போல் இருக்கும். தன் மொழிக்குள்ளேயே எங்கோ புதைந்து கிடக்கும் ஒரு பழைய குரல் அது. கங்கையின் உள்ளே புதைந்துள்ள மற்றொருத்திக்கு இதைவிடப் பொருத்தமான மொழி அமைந்திருக்க முடியாது. படத்தின் ஆகிரி இராகப் பாட்டே பழந்தமிழ்ப் பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது; எம்.ஜி.இராதாகிருஷ்ணனின் இசை அச்சத்தையும் ஏக்கத்தையும் பிரிக்க முடியாதபடி குழைத்துத் தருகிறது. வரலாறும் துணை நிற்கிறது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் சென்று சுவாதித் திருநாள் மகாராசாவின் அவையை அலங்கரித்தவர். தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றவர். (சந்திரமுகியிலும் ஒரு வடிவேலு அரண்மனைக்குள் நுழைகிறார். அவர் பெற்ற பரிசு வேறு.) தஞ்சையிலிருந்து மலையாள நாட்டுக்கு ஆடல் சென்ற வழி கற்பனையன்று.

படத்தின் சில பகுதிகள் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. அவ்வரண்மனை 1956-க்குப் பின் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதனைக் காத்து வருவது கேரள அரசின் தொல்பொருள் துறை. தமிழ் மண்ணில் நின்றுகொண்டு மலையாளம் பேசும் மாளிகை அது. நாகவல்லியின் நிலையைத் தலைகீழாக்கினால் இதுதான் கிடைக்கும்.

இனி வழிப்படங்களுக்கு வருவோம். இக்கதை தமிழுக்கு வந்தபோது ஒரு விசித்திரமான நெருக்கடி நேர்ந்தது. தமிழ் வீட்டுக்குள் தமிழ் பேசும் ஆவியைக் கண்டு யார் அஞ்சுவார்கள்? ஆகவே, கதைக்குள் இருந்த தமிழச்சியை வெளியேற்றிய பிறகே கதை தமிழ்நாட்டுக்குள் நுழைய முடிந்தது. அவளிடத்தில் ஆந்திர நாட்டுச் சந்திரமுகி வந்து தெலுங்கில் பாடினாள். கன்னடத்திலும் தெலுங்கே அந்த இடத்தைப் பெற்றிருந்தது. இரண்டையும் இயக்கியவர் பி.வாசுவே. பிரியதர்சன் இந்தியில் எடுத்தபோது நடனமாது வங்காளியாகி மஞ்சுளிகா எனப் பெயர் பெற்றாள். ஆக, ஒவ்வொரு மொழியும் தன் அண்டை வீட்டைப் பார்த்து, 'எனக்குப் பாதி புரிவது எது?' என்று கேட்டுக்கொண்டது. இவ்வளவில் வழிப்படம் செய்தோர் முதற்படத்தை உணர்ந்தே இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை.

தெலுங்கைத் தேர்ந்தது தமிழுக்கு எத்தனை பொருத்தம் என்பதில் எனக்கே கருத்து மாறியிருக்கிறது. முதன்முறை பார்த்தபோது, இது வெறும் ஈடுசெய்தல் என்று தள்ளினேன். பிறகு எண்ணிப் பார்க்கையில், நாயக்கர் காலந்தொட்டுத் தமிழ்நாட்டு அரண்மனைகளிலும் ஆடலரங்குகளிலும் தெலுங்கே இசையின் மொழியாக விளங்கியது என்பது நினைவுக்கு வந்தது. உண்மையான தஞ்சாவூர் நடனமாது ஒருத்தி மலையாள மாளிகைக்குப் போயிருந்தால், தமிழில் சினந்திருப்பாள். ஆடும்போது அவளும் தெலுங்குப் பதத்தையும் வர்ணத்தையும் பாடியிருக்கக் கூடும். அரண்மனை, ஆடல், தெலுங்கு என்ற சேர்க்கை தமிழ்ச் செவிக்கு இயல்பாகவே அமைகிறது. பாட்டு வென்றதற்கு இதுவும் காரணமாகலாம்.

பாட்டு வென்றது; சினம்தான் வெல்லவில்லை. தமிழனுக்குத் தெலுங்கு இசையின் இனிமையோடு சேர்ந்தே பழகிய மொழி. மலையாளிக்குத் தமிழ் அப்படியன்று. வேலைக்கு வருபவன், வண்டியோட்டுபவன், கோயில் திருவிழாவுக்கு வருபவன், திரையில் தோன்றும் நாயகன் என அன்றாட வாழ்வின் எல்லா மூலைகளிலும் ஒலிக்கும் மொழி அது. அதனால்தான் நாகவல்லியின் கோபம் வீட்டுக்குள்ளிருந்தே எழுவது போல் இருக்கிறது. சந்திரமுகியின் கோபமோ மேடையிலிருந்து எழுகிறது. ஜோதிகாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் விழிகள் செய்த வேலையை மொழி செய்யவில்லை என்பதே என் குறை. இந்திப் படத்தின் வங்காளம் இவ்வகையில் மேலானது. இந்தி பேசுவோர்க்கு அது பாதி புரியும் மொழி; கலை, ஏக்கம், துயரம் மூன்றையும் சுமந்து வரும் மொழி. அதைப் பேசியவர் வித்யா பாலன், மும்பையில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பப் பெண். தமிழ் வீட்டில் பிறந்து, இந்தி வீட்டின் மருமகளாக நடித்து, அவளுக்குள் ஒரு வங்காளியைப் புகுத்திக்கொண்டவர். நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் செய்வதும் ஏறக்குறைய இதுவேயன்றோ!

தமிழ்ப் படத்தின் மற்றொரு மாற்றம் இதைவிடப் பெரிது. மலையாளத்தில் மருத்துவர் சன்னியாக வரும் மோகன்லால் கதை பெரிதும் நடந்தேறிய பின்னரே வருகிறார். வந்த பின்னும் கங்கையைச் சுற்றியே கதை செல்கிறது. தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடு வருகிறார். நாகவல்லி தன்னைக் கொன்றவனின் முகத்தைத் தன் கணவனிடம் காண்கிறாள். அன்பான கணவனே மனைவியின் நோயில் கொடியவனாகத் தெரிகிறான் என்ற கூர்மை அதில் உண்டு. தமிழில் கொடுங்கோலன் வேட்டையனின் வேடத்தையும் கதாநாயகரே ஏற்று, திரையரங்கை அதிர வைக்கிறார். சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் படம் ஓடியதில் அந்த வேடத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நானும் கை தட்டியவன்தான். ஆயினும், ஒரு பெண்ணின் உள்ளத்தைப் பற்றிய கதை ஓர் ஆணின் ஆற்றலைப் பற்றிய கதையாக மாறிவிட்டது. நன்னூலார் அனுமதித்த வேறுபாட்டின் எல்லை இங்கே கடக்கப்பட்டது என்று கருதுகிறேன்.

கங்கையின் நோய்க்கு மூலம் எது? இதற்கு முதற்படம் தரும் விடை நம்போன்றோரை நேராகத் தொடுவது. கங்கையின் பெற்றோர் பிழைப்புக்காகக் கல்கத்தா சென்றவர்கள். குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுச் சென்றார்கள். பாட்டியின் கதைகளையும் நம்பிக்கைகளையும் உலகமாகக் கொண்டு அவள் வளர்ந்தாள். பள்ளித் தேர்வு நடக்கும் வேளையில், தன்னைக் கல்கத்தாவுக்கு நிலையாக அழைத்துச் செல்லப் போகிறார்கள் என்ற செய்தி அவள் காதில் விழுகிறது. அந்த இளம் உள்ளம் முறிந்த முதல் இடம் அதுவே. பூட்டிய அறையும் சலங்கையும் வெகுநாள் கழித்து வருபவை. வேரோடு பெயர்த்தெடுக்கப்பட்ட ஒரு குழந்தையே இக்கதையின் நடுவில் நிற்கிறாள்.

இதைச் சன்னி சில நிமிடங்களில் சொல்லி முடிக்கிறார். கேட்கும் நமக்கு அது அவ்வளவு விரைவில் முடிவதில்லை. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் சிறிய அறையில் குடியிருந்துகொண்டு, "பள்ளிப் படிப்பு முடியும்வரை ஊரிலேயே இருக்கட்டும்" என்று மூத்த பிள்ளையைப் பாட்டியிடம் விட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பிறகு ஒரு கோடை விடுமுறையில் பிள்ளையை அழைத்து வந்து, அறியாத மொழி பேசும் வகுப்பில் உட்கார வைத்தோம். யாரும் கொடியவர் அல்லர். கங்கையின் பெற்றோரும் கொடியவர் அல்லர். பிள்ளையிடம் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. தமிழ்ப் படத்தை விட்டு வரும்போது இந்தக் குழந்தை நம்மோடு வருவதில்லை, வேட்டையன் வருகிறான். "மூலத்தைப் போல் வரவில்லை" என்னும் தொடருக்கு என் வரையில் பொருள் இதுதான்.

சார்புப் படங்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கன்னடத்தில் 'ஆப்தரட்சகா' 2010-இல் வந்தது. விஷ்ணுவர்தன் மறைந்த பின் வெளியான அவரது கடைசிப் படம் என்பதால் அதற்கொரு துயரமான மதிப்பு உண்டு. மலையாளத்திலேயே 2013-இல் 'கீதாஞ்சலி' என்ற பெயரில் மருத்துவர் சன்னி திரும்பி வந்தார். கங்கை இல்லாத சன்னிக்குச் செய்ய வேலை குறைவு. இந்தியில் 2022-இலும் 2024-இலும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. தமிழில் 2023-இல் 'சந்திரமுகி 2' வந்தது. 2022-இன் இந்திப் படத்திலும் இந்தத் தமிழ்ப் படத்திலும் ஆவி உண்மையாகவே உலவுகிறது. எந்தக் கதை 'இது பேயன்று, நோய்' என்று கூறிப் பெருமை பெற்றதோ, அதன் பெயரைச் சூடிக்கொண்டே 'இல்லை, பேய்தான்' என்கின்றன இவை. அவற்றின் நகைச்சுவைக்குச் சிரித்தவர்களை நான் குறைகூறவில்லை. குடும்பத்தோடு மாலைப்பொழுதைக் கழிக்க அவை உதவும். ஆனால் பேய் உண்மையானால் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட குழந்தைக்கு வேலையில்லை; மருத்துவருக்கும் வேலையில்லை; மொழி மாறும் அந்த நொடிக்கும் பொருளில்லை. பேய் எந்த மொழியிலும் பேசலாம்.

2024 ஆகஸ்டில் 'மணிச்சித்திரத்தாழ்' புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. அதையொட்டி எங்கள் வீட்டில் எல்லோரும் அமர்ந்து படத்தை மறுபடி பார்த்தோம். வீட்டில் தமிழும் வெளியே இந்தியும் பேசி வளரும் பேத்திக்கு மலையாளம் தெரியாது. திரையின் அடியில் ஓடிய எழுத்துகளைப் படித்துக்கொண்டே இருந்தாள். நகுலன் தடுக்கும் காட்சி வந்தது. கங்கையின் குரல் தாழ்ந்து, தடித்து, தமிழானபோது அவள் எழுத்துகளை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். "தாத்தா, இப்போது இவள் சொல்வது மட்டும் எனக்கு அப்படியே புரிகிறது" என்றாள். சற்று நேரம் கழித்து, "கோபம் வந்தால் நம் அம்மாவும் இப்படித்தான் தமிழுக்கு மாறிவிடுவாள்" என்றும் சேர்த்தாள். அவள் அம்மா சமையலறைப் பக்கம் எழுந்து போனாள்.

அத்தமிழ்க் குரல் ஷோபனாவுடையதன்று. கங்கையின் மலையாளத்துக்குக் குரல் தந்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லிக்கும் அவரே பேசினார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அது துர்கா என்ற தமிழ்ப் பின்னணிக் கலைஞரின் குரல் என்பதை இயக்குநர் பாசில் 2016-இல்தான் வெளிப்படச் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குரல் கேரளம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்தது. குரலுக்குரியவர் பெயரை யாரும் கேட்கவில்லை.